மடியில் கனமும் அட்டையில் துளையும்

வாசகர்களே, ஒரு சிறு விளையாட்டுடன் தொடங்குவோம். உலகிலுள்ள மனிதர்களில் யாராவது ஒருவரை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். நான் சில கேள்விகள் கேட்பேன். ஒவ்வொன்றுக்கும் "ஆம்" அல்லது "இல்லை" என்று மட்டுமே நீங்கள் விடை கூற வேண்டும். நீங்கள் நினைத்தவர் யார் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு எத்தனை கேள்விகள் தேவைப்படும்?

என் வகுப்பில் இதைக் கேட்டபோது ஒரு மாணவர் "ஒரு லட்சம்" என்றார். இன்னொருவர் "ஆயிரமாவது வேண்டும்" என்றார். உண்மையில் 33 கேள்விகள் போதும்! கணக்கு எளிது. ஒவ்வொரு கேள்வியும் மீதியிருப்பவர்களைச் சரிபாதியாகப் பிரிக்கும்படி அமைந்தால், ஒரு கேள்வியால் 2 பேரில் ஒருவரையும், 2 கேள்விகளால் 4 பேரில் ஒருவரையும், 10 கேள்விகளால் 1,024 பேரில் ஒருவரையும் பிரித்தறியலாம். 33-ஆம் கேள்வியில் இந்த எண்ணிக்கை 858 கோடியைத் தாண்டிவிடுகிறது. இன்றைய உலக மக்கள் தொகையோ சுமார் 820 கோடிதான். இந்தியாவுக்குள் மட்டும் தேடுவதானால் 31 கேள்விகளே போதும்.

"ஆம்" அல்லது "இல்லை" என்ற இந்த ஒற்றை விடை அளவைத்தான் கணிப்பொறித் துறையினர் "பிட்" என்கின்றனர். ஒரு மனிதனைக் கோடிக்கணக்கானவர்களிடமிருந்து பிரித்துக் காட்ட 33 பிட்டுகள் போதுமானவை.

கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடித்தபோது, பின் வரிசையிலிருந்த ஒரு மாணவர் எழுந்தார். "சார், மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்களே! தவறே செய்யாதவனைப் பற்றி யார் எதைத் தெரிந்துகொண்டால்தான் என்ன?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அவருக்கு அன்று மணி அடித்துவிட்டதால் முழு விடை கூற முடியவில்லை. இதற்கான விடை இயற்பியலில் இல்லை, வரலாற்றில்தான் இருக்கிறது. அதை இங்கே காண்போம்.

டிக்கெட்டில் ஒரு முகம்

அமெரிக்காவில் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மக்கள் தொகையைக் கணக்கெடுக்க வேண்டும் என்பது அந்நாட்டு அரசியல் சட்டத்தின் விதி. 1880-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் விவரங்களைக் கையால் எண்ணி, கூட்டி, அட்டவணையாக்கி முடிக்க ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மக்கள் தொகையோ பெருகிக்கொண்டே இருந்தது. இப்படியே போனால் ஒரு கணக்கு முடிவதற்குள் அடுத்த கணக்கு வந்துவிடும் என்ற நிலை.

அந்த அலுவலகத்தில் பணிபுரிந்த இளம் பொறியாளர் ஹெர்மன் ஹாலரித் (1860-1929) இதற்கு ஒரு வழி தேடினார். அவருக்கு யோசனை உதித்த விதம் சுவையானது. ஒருமுறை அவர் இரயிலில் பயணம் செய்தபோது, நடத்துநர் டிக்கெட்டின் ஓரத்தில் வரிசையாகத் துளைகள் இடுவதைக் கண்டார். டிக்கெட்டை ஒருவர் மற்றொருவருக்குக் கைமாற்றி ஏமாற்றாமல் இருப்பதற்காக, பயணியின் அடையாளங்களை அதில் குறித்துவைத்தார்கள். வெளிர் நிற முடியா, கறுப்பு முடியா? கண்ணின் நிறம் என்ன? மூக்கு பெரியதா, சிறியதா? ஒவ்வொன்றுக்கும் உரிய இடத்தில் ஒரு துளை. அந்தத் துளைகளைப் பார்த்தாலே டிக்கெட்டுக்கு உரியவரின் முகம் ஓரளவு தெரிந்துவிடும். ஹாலரித் இதனைத் "துளைப் புகைப்படம்" என்று குறிப்பிட்டார்.

இந்த முறையையே அவர் மக்கள் தொகைக்குப் பயன்படுத்தினார். ஒவ்வொருவருக்கும் தபால் அட்டையைவிடச் சற்று நீளமான ஓர் அட்டை. அதில் வயது, பால், பிறந்த நாடு, தொழில், திருமண நிலை ஆகியவற்றுக்குத் தனித்தனி இடங்கள். உரிய இடத்தில் துளை இருந்தால் "ஆம்", இல்லாவிட்டால் "இல்லை". நம் விளையாட்டில் கண்ட அதே பிட்!

இயந்திரம் வேலை செய்யும் முறையை மாணவர்கள் எளிதில் புரிந்துகொள்ளலாம். அட்டையை ஒரு தட்டின்மேல் வைப்பார்கள். தட்டின் அடியில் சிறு சிறு குழிகளில் பாதரசம் இருக்கும். மேலேயுள்ள பலகையிலிருந்து சுருள்வில் பொருத்திய ஊசிகள் கீழே இறங்கும். அட்டையில் துளை இல்லாத இடத்தில் ஊசி தடுக்கப்பட்டு மேலே தங்கிவிடும். துளை உள்ள இடத்திலோ ஊசி உள்ளே புகுந்து பாதரசத்தைத் தொடும். உடனே மின்சுற்று முழுமையடைந்து, ஒரு மின்காந்தம் செயல்பட்டு, அதனுடன் இணைந்த கடிகார முள் ஓர் எண் நகரும்.

1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 6 கோடியே 30 லட்சம் மக்களின் விவரங்கள் இவ்வாறு அட்டைகளில் ஏறின. முந்தைய தடவையைவிட மிக விரைவில் வேலை முடிந்தது. ஹாலரித் 1896-இல் ஒரு நிறுவனம் தொடங்கினார். அது 1911-இல் வேறு சில நிறுவனங்களுடன் இணைந்து, 1924-இல் ஐ.பி.எம். என்று பெயர் பெற்றது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இயந்திரத்தின் பக்கத்தில் ஓர் அறைப்பெட்டி இருந்தது. குறிப்பிட்ட சில துளைகள் ஒன்றாக அமைந்த அட்டை வந்தால், அதற்குரிய அறையின் மூடி தானே திறக்கும். பணியாளர் அட்டையை அதில் போடுவார். அதாவது, "இத்தகையவர்கள் எத்தனை பேர்?" என்று எண்ணும் இயந்திரமே "இத்தகையவர்களின் அட்டைகள் எவை?" என்று பொறுக்கியும் தரும். இந்த இரண்டாவது ஆற்றலை அன்று யாரும் பெரிதாக எண்ணவில்லை.

அதே 1890-இல் இன்னொன்று

அந்த ஆண்டு டிசம்பர் மாதம், ஹார்வர்டு சட்ட இதழில் சாமுவேல் வாரன், லூயி பிராண்டைஸ் என்ற இரு வழக்கறிஞர்கள் ஒரு கட்டுரை எழுதினர். அதன் தலைப்பு "அந்தரங்க உரிமை". கையடக்கமான கோடக் கேமரா 1888-இல் விற்பனைக்கு வந்திருந்தது. அதுவரை ஒருவரைப் படம் பிடிக்க வேண்டுமானால் அவர் அசையாமல் அமர்ந்து ஒத்துழைக்க வேண்டும். இப்போதோ நொடிப்பொழுதில் அவர் அறியாமலே படம் பிடித்துப் பத்திரிகையில் போட்டுவிடலாம். எனவே, ஒருவன் தன்பாட்டில் விடப்பட வேண்டும் என்பதை ஓர் உரிமையாகவே சட்டம் ஏற்க வேண்டும் என்று அவர்கள் வாதிட்டனர்.

பிராண்டைஸ் பின்னர் அமெரிக்கத் தலைமை நீதிமன்றத்தின் நீதிபதியானார். தொலைபேசிக் கம்பியில் காவலர்கள் ஒட்டுக்கேட்டது பற்றிய வழக்கு 1928-இல் அங்கு வந்தது. வீட்டுக்குள் யாரும் நுழையாததால் இது சோதனை ஆகாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். பிராண்டைஸ் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். விஞ்ஞானம் இத்துடன் நிற்காது. மேசை அறையைத் திறக்காமலே அதனுள் இருக்கும் காகிதங்களை நீதிமன்றத்தில் காட்டக்கூடிய வழிகளும் ஒருநாள் வரும் என்று எச்சரித்தார். கணிப்பொறி தோன்றுவதற்கு முன்பே எழுதப்பட்ட எச்சரிக்கை அது!

ஆக, மனிதரை அட்டையாக்கும் இயந்திரமும் அந்தரங்க உரிமை பற்றிய புகழ்பெற்ற கட்டுரையும் ஒரே ஆண்டில், ஒரே நாட்டில் வெளிவந்தன. ஆனால் கட்டுரையாளர்கள் அஞ்சியது கேமராவையும் பத்திரிகையையும்தான். அட்டையைப் பற்றி உலகம் அஞ்சத் தொடங்கியது அரை நூற்றாண்டுக்குப் பிறகே.

ஆம்ஸ்டர்டாம் நகரத்து அட்டைகள்

ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-இல் பிரஷ்யாவின் மக்கள் தொகைக் கணக்கு ஹாலரித் முறை இயந்திரங்களால் தொகுக்கப்பட்டது. 1939-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், பாட்டன் பாட்டிமார் நால்வரில் யார் யார் யூத இனத்தவர் என்றும் ஜெர்மனியில் ஒவ்வொருவரும் எழுத வேண்டியதாயிற்று. அங்கே கேள்வி கேட்டவர்களின் எண்ணமே கொடியது. ஆகவே நம் மாணவரின் கேள்விக்கு நேரான விடையை அண்டை நாடான நெதர்லாந்தில்தான் தேட வேண்டும். ஏனெனில் அங்கே அட்டையைத் தயாரித்தவர்களுக்கு அப்படிப்பட்ட எண்ணம் எதுவும் இல்லை.

நெதர்லாந்து மக்களாட்சி நாடு. அங்கே 1936-இல் மக்கள் பதிவேடு நாடு முழுவதற்கும் ஒரே சீராக்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. பெயர், பிறந்த நாள், முகவரி, தொழில், மதம் எல்லாம் அதில் இருக்கும். ஒருவர் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தால் அவருடைய அட்டையும் அந்த ஊர் அலுவலகத்துக்குப் போய்விடும். இதைத் திட்டமிட்ட யாகோபஸ் லென்ட்ஸ் என்ற அதிகாரி தம் தொழிலில் பெரும் ஈடுபாடு கொண்டவர். நிர்வாகத்துக்கு இது மிக வசதியாக இருந்தது. மதத்தைப் பற்றிக் கேட்டபோது மக்கள் தயங்காமல் உண்மையைச் சொன்னார்கள். தயங்குவதற்குக் காரணமே இல்லை.

1940 மே 10 அன்று ஜெர்மன் படை உள்ளே நுழைந்தது. ஐந்தே நாட்களில் நாடு பணிந்தது. அலுவலகங்களில் அட்டைகள் அப்படியே இருந்தன. அவற்றின் உரிமையாளர் மட்டும் மாறிவிட்டார்! 1941 ஜனவரியில் யூதர்கள் யாவரும் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று ஆணை பிறந்தது. பதிவு செய்யாமல் தப்ப முடியுமா? பழைய அட்டையில்தான் மதம் எழுதியிருக்கிறதே! அதே ஆண்டில் லென்ட்ஸ் வடிவமைத்த அடையாள அட்டையும் வந்தது. புகைப்படமும் கைரேகையும் கொண்ட அந்த அட்டையைப் போலியாகச் செய்வது மிகக் கடினம். யூதர்களின் அட்டையில் "ஜே" என்ற எழுத்தைப் பெரிதாக அச்சிட்டார்கள்.

நெதர்லாந்தில் அப்போது சுமார் 1,40,000 யூதர்கள் வாழ்ந்தனர். அவர்களில் சுமார் 1,07,000 பேர் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பி வந்தவர்கள் ஏறத்தாழ 5,000 பேரே. அதாவது நான்கு பேரில் மூவர் அழிந்தனர். அதே ஜெர்மனி ஆக்கிரமித்த பிரான்சில் நான்கு பேரில் மூவர் பிழைத்தனர். இந்த வேறுபாட்டுக்குப் பல காரணங்கள் உண்டு. நிலப்பரப்பு, நிர்வாக முறை, அண்டை நாடுகள் எல்லாமே அவற்றில் அடங்கும். ஆயினும் துல்லியமான அந்தப் பதிவேடும் முக்கியமான ஒரு காரணம் என்பதை வரலாற்றாசிரியர்கள் மறுப்பதில்லை.

கையிலிருக்கும் அட்டையை எதிர்ப்பியக்கத்தினர் எப்படியோ போலியாகத் தயாரித்துக் கொடுத்தனர். ஆனால் அலுவலகத்திலுள்ள மூல அட்டையுடன் ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். எனவே மூல அட்டைகளையே அழிப்பது என்று சிலர் துணிந்தனர். அவர்களில் வில்லெம் அரோண்டேயஸ் ஓவியரும் எழுத்தாளரும் ஆவார். கெரிட் ஃபான் டெர் வேன் சிற்பி. 1943 மார்ச் 27 இரவு அவர்கள் காவலர் உடை அணிந்து ஆம்ஸ்டர்டாம் பதிவேட்டு அலுவலகத்துக்குச் சென்றனர். காவலாளிகளுக்கு மயக்க மருந்து ஏற்றி, பக்கத்திலிருந்த விலங்குக் காட்சிசாலைத் தோட்டத்தில் படுக்கவைத்தனர். ஓர் உயிருக்கும் தீங்கு நேரக்கூடாது என்பது அவர்கள் உறுதி. பிறகு அட்டைகளைத் தரையில் கொட்டி, வெடிவைத்துத் தீயிட்டனர். தீயணைப்புப் படையினர் வேண்டுமென்றே தாமதமாக வந்தனர் என்றும், தீக்குத் தப்பிய அட்டைகள் நீரில் ஊறிக் கெடும்படி தண்ணீரைத் தாராளமாகப் பாய்ச்சினர் என்றும் கூறுவர்.

இவ்வளவு செய்தும் அழிந்தது ஒரு சிறு பகுதியே. காகிதக் கட்டு எளிதில் எரிவதில்லை. காட்டிக்கொடுக்கப்பட்ட குழுவினரில் அரோண்டேயஸ் உள்ளிட்ட 12 பேர் 1943 ஜூலை 1 அன்று சுட்டுக்கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டு ஃபான் டெர் வேனும் கொல்லப்பட்டார். அடையாள அட்டைகளின் இரண்டாம் படிகள் ஹேக் நகரில் ஒரு மாளிகையில் இருந்தன. எதிர்ப்பியக்கத்தின் வேண்டுகோளின்படி 1944 ஏப்ரல் 11 அன்று பிரிட்டிஷ் விமானங்கள் அதன்மீது குண்டு வீசின. அங்கே பணியிலிருந்தவர்கள் உட்படச் சுமார் 60 பேர் மாண்டனர்.

எண்ணிப் பாருங்கள். 1936-இல் ஒரு எழுத்தர் பேனாவால் எழுதிய ஒரு சொல்லை அழிக்க, ஏழெட்டு ஆண்டுகள் கழித்து ஒரு விமானப்படை தேவைப்பட்டது! 1936-இல் அந்த மக்களின் மடியில் எந்தக் கனமும் இல்லை. இருப்பது கனம் என்று பின்னால் வந்த வேறொருவர் முடிவு செய்தார். நம் பழமொழி வழிப்போக்கனைப் பற்றிக் கூறுகிறது. வழிமறிப்பவன் எதைக் கனம் என்று கருதுவான் என்பதைக் கூறவில்லை.

சட்டமும் மாறலாம்

இது கொடுங்கோலர்களால் மட்டுமே நேர்வது என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவில் மக்கள் தொகை விவரங்களை இரகசியமாகக் காக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. 1942-இல் போர்க்காலச் சட்டமொன்று அந்தக் காப்பை நீக்கியது. ஜப்பானிய வம்சாவளியினர் எந்தெந்தத் தெருக்களில் எத்தனை பேர் வாழ்கின்றனர் என்ற விவரம் கணக்கெடுப்பு அலுவலகத்திலிருந்து இராணுவத்துக்குச் சென்றது. சுமார் 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். 1943-இல் தனிநபர்களின் பெயர்களே கொடுக்கப்பட்ட நிகழ்ச்சி ஒன்றும் உண்டு என்பதை 2007-இல் ஆய்வாளர்கள் ஆவணங்களிலிருந்து வெளிக்கொணர்ந்தனர்.

ஒரு தீர்ப்பு

இத்தகைய அனுபவங்களை மிக ஆழமாக மனத்தில் கொண்ட நாடு மேற்கு ஜெர்மனி. உலகின் முதல் தகவல் பாதுகாப்புச் சட்டம் 1970-இல் அந்நாட்டின் ஹெஸ்ஸே மாநிலத்தில்தான் பிறந்தது. 1983 ஏப்ரலில் அங்கே மக்கள் தொகைக் கணக்கெடுப்பு நடப்பதாக இருந்தது. சேகரித்த விவரங்களை நகராட்சிப் பதிவேடுகளைத் திருத்தவும் பயன்படுத்தலாம் என்று சட்டம் கூறியது. மக்கள் கொதித்தெழுந்தனர். அரசியல் சட்ட நீதிமன்றம் கணக்கெடுப்பை நிறுத்திவைத்து, டிசம்பர் 15 அன்று தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பின் சாரம் விஞ்ஞானம் படிப்பவர்களுக்கு மிகவும் பிடிக்கும். கணிப்பொறி விவரங்களை ஒன்றுடன் ஒன்று சேர்க்கும் காலத்தில், அற்பமான விவரம் என்று எதுவுமே இல்லை என்றது நீதிமன்றம். தனியாகப் பார்த்தால் உப்புச்சப்பற்ற ஒரு செய்தி, மற்றொன்றுடன் சேரும்போது புதுப்பொருள் பெறுகிறது. தன்னைப் பற்றி யாருக்கு என்ன தெரியும் என்றே அறியாத மனிதன், கூட்டத்துக்குப் போகவும் கருத்துச் சொல்லவும் அஞ்சுவான். அப்போது மக்களாட்சியே நலிந்துபோகும். ஆகவே தன் விவரங்கள் எதற்குப் பயன்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவரவருக்கு உண்டு. ஒரு நோக்கத்துக்காகப் பெற்றதை மற்றொன்றுக்குப் பயன்படுத்தலாகாது. கணக்கெடுப்பு முறை திருத்தப்பட்டு 1987-இல்தான் நடந்தது.

பெயரை நீக்கினால் போதுமா?

"பெயரை எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்ததல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலமும் அப்படித்தான் நினைத்தது. அரசு ஊழியர்களின் மருத்துவ விவரங்களைப் பெயர், முகவரி நீக்கி ஆராய்ச்சியாளர்களுக்கு அளித்தது. 1997-இல் லட்டானியா ஸ்வீனி என்ற ஆராய்ச்சி மாணவி, 20 டாலர் கொடுத்து கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை வாங்கினார். இரண்டையும் ஒப்பிட்டார். மாநில ஆளுநரின் பிறந்த நாளில் பிறந்தவர்கள் பட்டியலில் 6 பேர். அவர்களில் ஆண்கள் 3 பேர். ஆளுநரின் அஞ்சல் குறியீட்டில் வசித்தவர் ஒருவரே. ஆளுநரின் மருத்துவக் குறிப்பு அகப்பட்டுவிட்டது!

பிறந்த தேதி, பால், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றைக் கொண்டே அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரை அடையாளம் காணலாம் என்று ஸ்வீனி மதிப்பிட்டார். பின்னர் வந்த ஓர் ஆய்வு 63 விழுக்காடு என்றது. எப்படியாயினும் பாதிக்கு மேல்!

நம் நாட்டுக்கு நீங்களே தோராயமாகக் கணக்கிடலாம். பால் என்பது ஒரு பிட். பிறந்த தேதி என்பது 80 ஆண்டுகளில் ஒரு நாள். அதாவது சுமார் 29,200-இல் ஒன்று. இது ஏறத்தாழ 15 பிட். நம் நாட்டில் சுமார் 19,000 அஞ்சல் குறியீடுகள் உள்ளன. இது 14 பிட். கூட்டினால் 30! தேவையானதோ 31. எல்லாக் குறியீடுகளிலும் மக்கள் சம அளவில் இல்லை என்பதால் இது துல்லியமான கணக்கு ஆகாது. ஆயினும், நாள்தோறும் ஏதாவதொரு படிவத்தில் நாம் யோசிக்காமல் நிரப்பும் மூன்று கட்டங்கள், நம்மைக் கிட்டத்தட்டச் சுட்டிக்காட்டிவிடுகின்றன என்பது தெளிவு.

சட்டைப் பையில் ஓர் அட்டை

இதுவரை கண்ட அட்டைகளை யாரோ ஒருவர் கேட்டு எழுதினார். இப்போது நாமே துளையிட்டுக்கொண்டே நடக்கிறோம். கைபேசியைத்தான் சொல்கிறேன்.

உங்களுக்கு ஓர் அழைப்பு வருகிறது. அதை நாட்டிலுள்ள எல்லாக் கோபுரங்கள் வழியாகவும் அனுப்ப முடியாது. நீங்கள் எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள் என்பது வலையமைப்புக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். எனவே நீங்கள் யாருடனும் பேசாதபோதும், கைபேசி அவ்வப்போது அருகிலுள்ள கோபுரத்துக்குத் தன் இருப்பைத் தெரிவித்துக்கொண்டிருக்கிறது. இது யாரும் திட்டமிட்டுச் செய்த வேவு அன்று. இப்படித் தெரிவிக்காவிட்டால் கைபேசி வேலையே செய்யாது. ஆனால் அந்தச் செய்தியைச் சேமித்து வைத்தால்?

மால்ட்டே ஸ்பிட்ஸ் என்ற ஜெர்மன் அரசியல்வாதி, தம்மைப் பற்றிய பதிவுகளைத் தருமாறு தொலைபேசி நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்துப் பெற்றார். ஆறு மாதங்களுக்கு 35,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் இருந்தன. 2011-இல் அவற்றை ஒரு ஜெர்மன் வார ஏடு வரைபடமாக்கி வெளியிட்டது. அவர் எப்போது விழித்தார், எந்த இரயிலில் போனார், எந்த ஊரில் உறங்கினார் எல்லாம் படம்போலத் தெரிந்தன. அவர் பேசிய பேச்சில் ஒரு சொல்லும் அதில் இல்லை. சொல் தேவைப்படவும் இல்லை!

2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு 15 இலட்சம் பேரின் 15 மாதப் பெயரற்ற கைபேசிப் பதிவுகளை ஆராய்ந்தது. இடமும் நேரமும் சேர்ந்த நான்கே புள்ளிகள் தெரிந்தால், அவர்களில் 95 விழுக்காட்டினரைத் தனித்துப் பிரிக்கலாம் என்று கண்டது. உங்கள் வீடு, கல்லூரி, வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடை, ஞாயிறன்று செல்லும் இடம். இந்த நான்கும் ஒன்றுசேர்ந்தாற்போல் அமைந்தவர் உங்களைத் தவிர வேறு யார் இருப்பார்? அதே ஆண்டு ஜூனில் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள், அமெரிக்காவில் ஒரு பெரிய தொலைபேசி நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் அழைப்புப் பதிவுகளை நாள்தோறும் அரசுக்கு அளித்துவந்ததைக் காட்டின.

நம் நாட்டில்

நம் நாட்டில் இவ்வரலாறு ஒரு கதவு தட்டலில் தொடங்குகிறது. உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர்மீது 1941-இல் கொள்ளைக் குற்றம் சாட்டப்பட்டது. சான்று இல்லாததால் விடுவிக்கப்பட்டார். ஆயினும் காவல்துறையின் பதிவேட்டில் அவர் பெயர் ஏறிவிட்டது. அதன்பின் நள்ளிரவில் வந்து கதவைத் தட்டி எழுப்பிப் பார்ப்பது வழக்கமாயிற்று. அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். 1962 டிசம்பரில் அந்த இரவுச் சோதனை செல்லாது என்றது நீதிமன்றம். ஆனால் அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை அன்று என்றும் கூறிவிட்டது.

1994-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று வந்தது. சிறையிலிருந்த ஒருவரின் தன்வரலாற்றை வெளியிட ஒரு தமிழ் இதழ் முயன்றதை அதிகாரிகள் தடுத்தனர். இதழுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தன்பாட்டில் விடப்படும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்றும் உரைத்தது. 1890-ஆம் ஆண்டுக் கட்டுரையில் கண்ட அதே கருத்து! ஆதார் திட்டத்தை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர். 2018-இல் ஆதார் சட்டம் செல்லும் என்ற நீதிமன்றம், தனியார் நிறுவனங்கள் தம் விருப்பம்போல் ஆதாரைக் கேட்க இடமளித்த பகுதியை நீக்கியது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஆனால் அரசு தன் அமைப்புகள் சிலவற்றுக்கு அதிலிருந்து விலக்கு அளித்துக்கொள்ளவும் அச்சட்டத்திலேயே இடம் உண்டு.

நல்ல முன்மாதிரியும் நம்மிடமே இருக்கிறது. 1948-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, கணக்கெடுப்பாளரிடம் நீங்கள் கூறும் விவரத்தை வேறு யாரும் பார்க்க இயலாது. நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டவும் இயலாது. அந்தக் காப்பை நம்பித்தான் மக்கள் உண்மையைக் கூறுகின்றனர். உண்மை கிடைத்தால்தான் எந்த ஊருக்குப் பள்ளி வேண்டும், எங்கே மருத்துவமனை வேண்டும் என்று அரசு திட்டமிட முடியும். 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்ட கணக்கெடுப்பு டிஜிட்டல் முறையில் நடக்கும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. கருவி மாறும்போது காப்பும் அதே வலிமையுடன் தொடர வேண்டும் என்று கேட்பது நம் கடமை.

மாணவருக்கு விடை

விவரம் சேகரிப்பதே தீது என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. கணக்கெடுப்பு இல்லாமல் நிர்வாகம் இல்லை. நோய்ப் பதிவேடு இல்லாமல் பொதுச் சுகாதாரம் இல்லை. ஆனால் நெதர்லாந்தின் கதை ஒன்றைக் கற்பிக்கிறது. ஆட்சி மாறலாம், சட்டம் மாறலாம், நிறுவனம் கைமாறலாம். எழுதிய அட்டை மட்டும் அப்படியே இருக்கும். ஆகவே காவல் போட வேண்டிய இடம் அட்டையைப் பயன்படுத்தும்போது அன்று, எழுதும்போதே. சேகரிக்காத விவரத்தை யாராலும் திருட முடியாது; எந்த ஆணையாலும் கேட்டுப் பெறவும் முடியாது.

அடுத்த முறை ஒரு படிவமோ கைபேசிச் செயலியோ உங்களிடம் ஏதாவது கேட்டால், நான்கு கேள்விகளைத் திருப்பிக் கேளுங்கள். இது எதற்கு? இல்லாமல் முடியாதா? யார் பார்ப்பார்கள்? எப்போது அழிப்பீர்கள்? நம்மைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு 33 கேள்விகள் தேவை. நமக்கு இந்த நான்கு போதும்.

பின் வரிசை மாணவருக்கு மறுநாள் நான் இதைத்தான் கூறினேன். "மடியில் கனமில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும், தம்பி. ஆனால் எது கனம் என்று முடிவு செய்பவர் நாளைக்கு யாராக இருப்பார் என்று இன்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."